திருநீறு போட்டு விளக்கிய விக்டோரியா: கிரேடு எது, விலை எது?

குன்னூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நாணயச் சேகரிப்பில் நான் எல்கேஜி. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பாட்டிக்கு வருஷத் திதி முடிந்த கையோடு அம்மா பழைய தகரப்பெட்டியைத் திறந்தார். அடியில் வெற்றிலைக் கறையோடு ஒரு சுருக்குப்பை. அதற்குள் பழைய ஒரு ரூபாய்க் காசுகள், மொத்தம் 11. 1862 இரண்டு, 1884, 1900, 1907, 1917, 1918 இரண்டு, 1919, 1940, 1947. இதில் 1900-க்கு மட்டும் மேலே காது வைத்துப் பற்றவைத்திருக்கிறது. காசுமாலையிலிருந்து அறுந்து விழுந்ததோ என்னவோ.

எல்லாம் கறுத்துக் கிடந்தன. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு விளக்கும்போது அம்மா நான்கு காசுகளையும் சேர்த்துத் திருநீறு போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். ஒரு 1862, 1884, 1907, ஒரு 1918. கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. எனக்கு ஒரே பெருமை.

போன வாரம் கோவை போனபோது ஒரு நாணயக் கடையில் காட்டினேன். அங்கே நடந்ததுதான் இன்னும் மண்டையில் ஓடுகிறது. பளபளவென்று இருந்த நான்கையும் கடைக்காரர் அப்படியே அள்ளித் தராசுத் தட்டில் போட்டார். கறுத்துப்போன 1862-ஐ மட்டும் விளிம்பைப் பிடித்து எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தனியாக ஒரு துணிமேல் வைத்தார். “இது விஎஃப், நல்ல விஎஃப். கொடுக்கறதா இருந்தா சொல்லுங்க” என்றார். அப்போ பளபளப்பான 1862? “அது வெள்ளி விலைதாங்க.” இரண்டும் ஒரே வருஷம், ஒரே ராணி. அழுக்குக்கு மரியாதை, சுத்தமானதற்குத் தராசா? இது என்ன கணக்கு?

வீட்டுக்கு வந்து இணையத்தில் விலைப்பட்டியல் தேடினேன். எஃப், விஎஃப், எக்ஸ்எஃப், யுஎன்சி என்று கட்டம் கட்டமாக, எல்லாம் டாலரில். இன்னோர் இடத்தில் ஏயூ 55, எம்எஸ் 63 என்று எண்கள். யுஎன்சி கட்டத்தில் போட்டிருக்கும் விலைக்கும் கடைக்காரர் சொன்னதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அவர் ஏமாற்றப் பார்த்தாரா, பட்டியல் பொய்யா, இல்லை எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையா?

இது போதாதென்று அப்பா கைபேசியில் ஒரு விளம்பரம். 1862 ரூபாய்க்கு 5 லட்சம் தருகிறார்களாம். பேசினால், முதலில் பதிவுக் கட்டணம் 2,100 அனுப்பு என்கிறார்கள். அப்பா சிறு தேயிலை விவசாயி. பச்சை இலை என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்தவர்கள் அவர் ஆசையைத் தப்பு சொல்லமாட்டீர்கள்.

விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. கையில் இருப்பது என்ன என்று படிக்கத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

மலைரயில்:

முதல் வேலையாக அப்பா கையிலிருந்து போனை வாங்குங்கள். காசு வாங்குகிறவன் நமக்குப் பணம் தருவான், நம்மிடம் கேட்கமாட்டான். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டது. பழைய காசு, நோட்டு வாங்கி விற்பதில் தங்களுக்குச் சம்பந்தம் இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை, தங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்று. அதற்குப் பிறகும் என் மாமா 1,500 கட்டினார். அப்புறம் ஜிஎஸ்டி என்று 4,000 கேட்டபோதுதான் முழித்துக்கொண்டார்.

இரண்டாவது, மீதி ஏழு காசையும் திருநீற்றிலிருந்து காப்பாற்றுங்கள். புளி, எலுமிச்சை, பல்பொடி, வெள்ளி பாலிஷ், எதுவும் வேண்டாம். கிரேடு பற்றி டீமேக்கர் ஐயா வந்து சொல்வார். அவர் வந்தால் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள், சீக்கிரம் விடமாட்டார்.

ரிட்டயர்டு டீமேக்கர்:

மலைரயில் தம்பி, வாயைக் குறை.

அம்மிணி, நீங்கள் தேயிலைக் குடும்பம் என்றதுமே எனக்குப் பாதி வேலை மிச்சம். நான் 31 வருஷம் கோத்தகிரிப் பக்கம் தொழிற்சாலைகளில் டீமேக்கர். காசு சேர்ப்பது 1994-லிருந்து. தூளிலும் கிரேடு, காசிலும் கிரேடு. பெயர் ஒன்றாக இருந்ததால் ரொம்ப நாள் குழம்பினேன், கடைசியில் தூள்தான் எனக்குக் காசைப் புரியவைத்தது.

சலிக்கும்போது பிஓபி, பிஓபிஎஃப், டஸ்ட், சூப்பர் ரெட் டஸ்ட் என்று பிரிக்கிறோமே, அது என்ன? சல்லடைக் கண்ணின் அளவு. துணுக்கு பெரிசா சின்னதா, அவ்வளவுதான். ருசியைக் கிரேடு சொல்லாது. ருசிக்கு உறிஞ்சித் துப்பிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், விலைக்குக் குன்னூர் ஏலம் வேண்டும். காசிலும் அதே கதை. கிரேடு என்பது இந்தக் காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதற்கு மட்டும் பதில். அபூர்வமா, அழகா, கேட்க ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் வேறு கேள்விகள். எம்எஸ் 65 என்று உயர்ந்த கிரேடுச் சீட்டு ஒட்டிய சாதாரண 1918 ரூபாயும் உண்டு. ஒரு கண்ணும் மூக்கும் மட்டும் மிஞ்சி, ஆனாலும் ஆள் தேடி வந்து வாங்கும் காசும் உண்டு.

சரி, உங்கள் கறுத்த 1862-ஐ எடுங்கள். விளிம்பைப் பிடியுங்கள், கட்டைவிரல் ராணி முகத்தில் படவேண்டாம். கீழே ஒரு துண்டு விரித்துக்கொள்ளுங்கள், நழுவினாலும் அடிபடாது. டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேஜை விளக்கு. காசைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். எது மேடோ அதுதான் முதலில் தேயும். விக்டோரியாவுக்குக் கன்னம், காதுக்கு மேலே தலைமுடி, கிரீடத்தின் மணிகள், மார்பில் சட்டையின் பூவேலை. இந்த நான்கு இடத்தையும் பார்த்தால் மீதியைப் பார்க்கவே வேண்டாம்.

சட்டைப் பூக்கள் ஒன்றோடொன்று கலந்து, கிரீடத்துக்கு வெளிக்கோடு மட்டும் இருந்தால் எஃப், அதாவது ஃபைன். முடி இழைகள் பள்ளத்தில் பிரிந்து தெரிந்து, மேட்டில் மட்டும் வழவழவென்று இருந்தால் விஎஃப், வெரி ஃபைன். பூவேலை எல்லாம் எண்ணிச் சொல்லும்படி இருந்து, கன்னத்திலும் புருவத்திலும் மட்டும் லேசாகக் கை பட்டது தெரிந்தால் எக்ஸ்எஃப், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன். ஏயூ (அபவுட் அன்சர்குலேட்டட்) என்றால் தேய்ந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்துகளுக்கு நடுவே அச்சடித்த நாளின் மினுக்கம் இன்னும் ஒளிந்திருக்கும். யுஎன்சி (அன்சர்குலேட்டட்) என்றால் தேய்மானமே கிடையாது. புதுசு என்று அர்த்தம் இல்லை, புழக்கத்துக்கே போகவில்லை என்று அர்த்தம். மூட்டைக்குள் மற்ற காசுகளோடு இடித்த காயம் இருக்கலாம், அது வேறு.

கோலிக் குண்டு விளையாடாத பிள்ளைகளுக்காக ஒன்று: பூவா தலையா என்று சுண்டுவோமே, இந்த ரூபாயில் பின்பக்கம் நிஜமாகவே பூ வளையம். பூப்பக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அந்தப் பக்கம் அவ்வளவாகத் தேயாது. கிரேடைத் தலைப்பக்கம்தான் இறக்கும்.

எண்கள் கேட்டீர்கள். ஷெல்டன் என்ற அமெரிக்கர், மனோதத்துவக்காரர், 1949-இல் அவர்கள் ஊர்ப் பழைய பெரிய செப்புச் சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் போட்டார். எழுபது எதற்கு? அடிமட்டக் காசு 1 டாலர் என்றால் உச்சத்தில் இருப்பது 70 டாலர் பெறும் என்று கணக்கு. அதாவது அன்றைக்குக் கிரேடே விலைதான். அந்தக் கணக்கு ரொம்ப நாள் தாங்கவில்லை. விலை எங்கேயோ போய்விட்டது, எண் மட்டும் நின்றுவிட்டது. இப்போது விஎஃப் 20-லிருந்து 35, எக்ஸ்எஃப் 40, 45, ஏயூ 50-லிருந்து 58, எம்எஸ் 60-லிருந்து 70. எம்எஸ் (மின்ட் ஸ்டேட்) என்பது யுஎன்சியை இன்னும் நைசாகச் சலித்தது.

இப்போது அழுக்குக்கு மரியாதையா என்ற கேள்விக்கு வருவோம். பளபளப்பு இரண்டு வகை. அச்சு அழுத்தும்போது உலோகம் வெளிப்பக்கமாக ஓடும். அந்த ஓட்டத்தின் மிக நுண்ணிய கோடுகள் காசின்மேல் இருப்பதால், சாய்க்கும்போது வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி சுற்றி ஓடும். திருநீறு சாம்பல்தானே, சாம்பல் அரம். அந்தக் கோடுகளை வழித்து எறிந்துவிட்டுத் தன் கீறல்களைப் போட்டுவிட்டுப் போகும். உங்கள் விளக்கிய 1862-ஐ அதே விளக்கில் சாய்த்துப் பாருங்கள். வெளிச்சம் ஓடாது, மொத்தமாக ஒரே இடத்தில் வெள்ளையாகக் கண்ணைக் குத்தும். ‘விக்டோரியா’ என்ற இங்கிலீஷ் எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கறுப்பு மிஞ்சியிருக்கும், ஏனென்றால் அம்மாவின் விரல் அங்கே போகவில்லை. கடைக்காரர் ஒரு நொடியில் பார்த்தது அதைத்தான். கறுப்புக்கு அவர் விலை சொல்லவில்லை. கறுப்புக்கு அடியில் யாரும் தொடாத தோல் இருக்கிறது, அதற்குச் சொன்னார். ஏமாற்றவில்லை.

அம்மாவைத் திட்டாதீர்கள். எங்கள் வீட்டில் நானே செய்தேன், அதுவும் பல்பொடியால்.

விலைப்பட்டியல். உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், கடையில் பாக்கெட் தூள் என்ன விலை, தொழிற்சாலை அவருக்குக் கிலோவுக்கு என்ன தருகிறது என்று. நாலு, நாலரைக் கிலோ இலை போட்டால் ஒரு கிலோ தூள். அதற்குமேல் விறகு, கரண்ட், ஆள் கூலி, புரோக்கர், லாரி. பட்டியலில் இருப்பது பாக்கெட் விலை. கடைக்காரர் சொல்வது பச்சை இலை விலை. இரண்டும் ஒன்றாக இருக்காது, இருந்தால் அவர் கடையை மூடிவிட்டுக் கேரட் போடப் போயிருப்பார்.

அந்தக் கட்டங்களிலும் முதலில் சரியான வரியைப் பிடிக்கவேண்டும். கிராவுஸ் கேட்டலாக்கில் கேஎம் என்று ஓர் எண் இருக்கும். 1876 வரை ‘விக்டோரியா குயின்’, அது கேஎம் 473. 1877-லிருந்து ‘விக்டோரியா எம்ப்ரஸ்’, அது கேஎம் 492. உங்கள் 1862 முதல் வரி, 1884-உம் 1900-உம் இரண்டாவது வரி. 1862-இல் இன்னொரு வில்லங்கம் உண்டு. அந்த ஆண்டை அப்படியே வைத்துக்கொண்டு பல வருஷம் அச்சடித்தார்கள். பம்பாய் அச்சகம் எந்த வருஷம் என்று தனக்குத் தெரியவேண்டி ஆண்டுக்குக் கீழே புள்ளிகள் வைத்தது. ராணியின் உருவத்திலேயே சட்டை வேறுபாட்டை வைத்து ஏ, பி என்று வகை பிரிப்பார்கள். புள்ளியும் வகையும் மாறினால் விலையும் மாறும். இதையெல்லாம் பார்க்காமல் ‘1862’ என்று தட்டித் தேடினால் வரும் முதல் விலை உங்களுடையது இல்லை.

2009-இல் கோவையில் ஒரு கண்காட்சி. ஒரு வியாபாரி ஏயூ என்று பேனாவால் எழுதி, 1862 ஒன்றை 4,000 ரூபாய்க்கு எனக்குக் கொடுத்தார். நான் பட்டியலில் எக்ஸ்எஃப் கட்டத்தையும் யுஎன்சி கட்டத்தையும் பார்த்து, நடுவில் ஒரு விலை போட்டு, லாபம் என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். ஆறு மாதம் கழித்து அதே ஆளிடம் திருப்பிக் கொடுக்கப் போனால், “இது விஎஃப், அதுவும் விளக்கினது” என்று 1,400 சொன்னார். அவர் எழுதிய ஏயூ இன்னும் அந்த அட்டையில் இருந்தது. காட்டினேன். “அது என் பையன் எழுதினது” என்றார். அந்த அட்டையை இன்றும் வைத்திருக்கிறேன், காசை விற்றுவிட்டேன்.

அதனால் நான் பட்டியலை விலை பார்க்க எடுப்பதில்லை. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் எத்தனை மடங்கு ஏறுகிறது என்று பார்க்கத்தான் எடுக்கிறேன். விஎஃப்புக்கும் எக்ஸ்எஃப்புக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் அங்கே சண்டை போடத் தேவையில்லை. எக்ஸ்எஃப்புக்கும் யுஎன்சிக்கும் நடுவே மலையே நிற்கிறது என்றால் அங்கேதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கவேண்டும். உண்மை விலைக்கு ஏலம். இந்தியாவில் நாணய ஏலம் நடத்தும் நிறுவனங்கள் முடிந்த விலையைப் படத்தோடு இணையத்தில் போடுகின்றன. உங்கள் காசு மாதிரியே தேய்ந்த காசைத் தேடி, அது எவ்வளவுக்கு விழுந்தது என்று பாருங்கள். விலை போகாமல் அவுட்லாட் ஆனதையும் பாருங்கள், அதுவும் பாடம். ஏல விலைக்குமேல் வாங்குபவர் தனியாகக் கமிஷன் கட்டுவார், அது விற்பவர் கைக்கு வராது.

தராசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதம் வெள்ளி. சுத்த வெள்ளி 10.69 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அடிவிலை வந்துவிடும். பழைய பதிப்புப் பட்டியலில் சாதாரண ஆண்டுகளுக்குப் போட்ட விலை இன்றைய வெள்ளி விலைக்குக் கீழேகூட இருக்கும். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கால்குலேட்டரை எடுக்கவேண்டும்.

எல்லாவற்றையும் ஒரு நல்ல தராசில் நிறுத்து எழுதுங்கள். 1947-இல் ஃப்ரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பாருங்கள்.

வெள்ளிக்குவெள்ளி:

இவ்வளவு பெரிய ராமாயணம் எதற்கு? கிரேடு என்பது வாங்கும்போது ஒன்று, விற்கும்போது ஒன்று. ஐயா சொன்ன கதையே அதற்குச் சாட்சி. அமெரிக்காவில் பிசிஜிஎஸ், என்ஜிசி என்று இரண்டு கம்பெனிகள் இருக்கின்றன. அவர்களுக்கு அனுப்பினால் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து எண் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் எவனும் வாய் திறக்கமுடியாது.

ரிட்டயர்டு டீமேக்கர்:

அனுப்பலாம், ஆனால் வழியில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறு வயது தாண்டிய காசு தொல்பொருள். தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக்கூடாது. இவர் பையில் 1940, 1947 தவிர மீதி ஒன்பதும் நூறைத் தாண்டியவை. கூரியரில் பழைய பித்தளை என்று எழுதி அனுப்பும் கெட்டிக்காரர்களையும் எனக்குத் தெரியும். அந்த யோசனையை இங்கே எழுதவேண்டாம்.

இன்னொன்று, விளக்கிய காசுக்கு அவர்களும் எண் போடமாட்டார்கள். விஎஃப் டீட்டெயில்ஸ், கிளீன்டு என்று எழுதி அதே பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். கட்டணம் கட்டி அம்மாவின் திருநீற்றுக்குச் சான்றிதழ் வாங்கினது மாதிரி.

ஹட்டிக்காரன்:

காது வைத்த 1900 பற்றி யாரும் பேசவில்லையே. அதற்கும் டீட்டெயில்ஸ்தான், பற்றவைத்த சூடு காசின் தோலைக் கெடுத்திருக்கும். சிலர் காதை அறுத்து, விளிம்பை அரத்தால் ராவி, வரிப்பல் திருத்தி, முழுக்காசு என்று விற்பார்கள். பன்னிரண்டு மணி இடத்தில் விளிம்பைத் தடவினால் வரிகள் நெருக்கம் மாறியிருப்பது விரலுக்கே தெரியும். நீங்கள் காதை அறுக்காதீர்கள். காசாக அதற்கு விலை போச்சு, நகையாக அது முழுசு.

இந்த மலையில் எல்லாக் காசும் கட்டத்துக்குள் உட்காராது. எங்கள் படகர் வழக்கத்தில் உயிர் பிரியும் நேரத்தில் வீரராய ஹணம் என்ற பொடித் தங்கக் காசை நெய்யில் தொட்டு வாயில் வைப்பார்கள். அரை கிராம்கூட இருக்காது. சென்னை அருங்காட்சியகத்தில் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன் அதை எழுதியே வைத்திருக்கிறார், அவரும் காசுப் பைத்தியம்தான். எங்கள் தாத்தா வீட்டில் அப்படி ஒன்றை விபூதிச் சம்புடத்தில் வைத்திருந்தார்கள். ஒருமுறை வந்த வியாபாரி எஃப் கிரேடு என்று ஏதோ விலை சொன்னான். பாட்டி அவனுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

குன்னூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. அப்பா அந்த எண்ணைத் தடுத்துவிட்டார், ஆனால் இன்னும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறார்.

குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் தெரிந்த நகைப் பத்தர் தராசில் நிறுத்தேன். கறுத்த 1862: 11.58. விளக்கிய 1862: 11.47. 1884: 11.50. காதோடு 1900: 12.21. 1907: 11.55. 1917: 11.61. 1918 இரண்டும் 11.62, 11.57. 1940: 11.60. 1947: 11.63, காந்தத்தில் டப்பென்று ஒட்டிக்கொண்டது. அப்பா பதறிவிட்டார், போலி என்று.

1919 மட்டும் 9.84. பத்தர் அதை நகத்தில் வைத்துச் சுண்டினார். மற்றது எல்லாம் ‘ணங்’ என்று இழுத்துக்கொண்டு பேச, இது ‘டொக்’ என்றது. “செல்லாக்காசும்மா” என்று சிரித்தார்.

அப்புறம் நேற்று ராத்திரி ஐயா சொன்ன மாதிரி லைட்டை அணைத்துவிட்டு இரண்டு 1862-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கறுத்ததில் முடி இழைகள் காதுக்குப் பின்னால் வரை பிரிந்து தெரிகின்றன, கன்னம்தான் வழவழ. சட்டையில் பூக்களை எண்ணமுடிகிறது, கீழ் வரியில் இரண்டு கலந்துவிட்டன. விளக்கியதில் பூக்கள் இன்னும் நன்றாகவே இருக்கின்றன! அதாவது அது இதைவிடக் குறைவாகத் தேய்ந்த காசு. ஆனால் முகம் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள், அம்மா விரல் சுற்றிய அதே சுற்று. இதைப் பார்த்த பிறகு தூக்கமே வரவில்லை. எக்ஸ்எஃப்பாக இருந்திருக்குமா ஐயா?

ரிட்டயர்டு டீமேக்கர்:

இருந்திருக்கலாம். அதைக் கேட்காதீர்கள், கேட்டால் இன்னும் நான்கு ராத்திரி போகும்.

கண் வந்துவிட்டது உங்களுக்கு. எனக்கு இது தெரிய ஏழெட்டு வருஷம் ஆனது.

1947 போலி இல்லை, அப்பாவிடம் சொல்லுங்கள். அது நிக்கல், பூப்பக்கத்தில் பூவுக்குப் பதில் புலி நிற்கும். நிக்கல் காந்தத்தில் ஒட்டும். ஒட்டாவிட்டால்தான் யோசிக்கவேண்டும். 1940-இல் பாதிதான் வெள்ளி, 40 பங்கு செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். போர்க்காலச் சிக்கனம். அதனால் தேய்ந்தால் லேசாக மஞ்சளடிக்கும். அதற்கு வெள்ளிக் கணக்கு போடும்போது 10.69 இல்லை, 5.83 கிராம்தான்.

எடையிலும் ஒரு விஷயம். கறுத்த காசு அதிகம் தேய்ந்தது, ஆனாலும் 11.58. விளக்கியது குறைவாகத் தேய்ந்தது, 11.47. எல்லாம் திருநீறு தின்றது என்று சொல்லமாட்டேன், ஒரு வெள்ளிக்கிழமையில் அவ்வளவு போகாது. உங்கள் பாட்டியும் அவர் அம்மாவும் எத்தனை தைப்பொங்கலுக்கு அதை விளக்கினார்களோ.

1919-இன் விளிம்பை லென்ஸில் பாருங்கள். நடுவில் நூல் மாதிரி ஒரு கோடு சுற்றி ஓடினால் வார்ப்பு, இரண்டு அச்சுப் பாதியை ஒட்டியது. முகத்தில் ஊசி குத்தினது மாதிரி பொடித் துளைகளும் இருக்கும். இது இப்போது சேகரிப்பாளர்களை ஏமாற்றச் செய்தது இல்லை. 1919 அப்படி ஒன்றும் அபூர்வ வருஷம் இல்லையே, யார் மெனக்கெடுவான்? அந்தக் காலத்தில் சந்தையில் தள்ளிவிடச் செய்த கள்ளக்காசு. யாரோ உங்கள் வீட்டாருக்குக் கூலியிலோ காய்க்கடைச் சில்லறையிலோ கொடுத்துவிட்டார்கள். தள்ளிவிட மனசில்லாமல் பையில் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் என்றால் அந்தக் காசைத்தான் முதலில் அட்டையில் போடுவேன். இன்று வரும் போலிகள் 1939 மாதிரி விலை உயர்ந்த வருஷங்களில் வரும். யாராவது மலிவாக 1939 வெள்ளி ரூபாய் என்று நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

ஊட்டி ஃபிலிம்காரன்:

யாரும் ஈரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. குன்னூரில் ஐப்பசி அடைமழை தொடங்கினால் பீரோவுக்குள் செருப்பே பூஞ்சை பிடிக்கும், காசு என்ன பாடு படும்?

சுருக்குப்பையில் திரும்பப் போடவேண்டாம். ரப்பர் பேண்ட், செய்தித்தாள், கம்பளித் துணி எல்லாம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். மெத்தென்ற பிளாஸ்டிக் உறை வாங்காதீர்கள். புது ரெயின்கோட் வாசனை வந்தால் அது பிவிசி, ரெண்டு மழைக்காலத்தில் காசின்மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு விட்டுவிடும். மைலார் (பிவிசி இல்லாத தெளிந்த பிளாஸ்டிக்) ஜன்னல் வைத்த அட்டை கேட்டு வாங்குங்கள். ஸ்டேப்ளர் அடிக்கும்போது முள்ளைத் தட்டையாக நசுக்குங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும்.

ஊட்டி எச்பிஎஃப்பில் (இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்) வேலை பார்த்ததில் எனக்கு மிஞ்சியது ஒரு சாக்கு நிறைய ஃபிலிம் டப்பா. மூடியை அழுத்தினால் காற்றுப் புகாது. அட்டைகளை ஒரு பெரிய டப்பாவில் வைத்து, சிலிக்கா ஜெல் போட்ட ஃபிலிம் டப்பாவில் ஊசியால் நாலு ஓட்டை போட்டு உள்ளே வைக்கிறேன். ஜெல் நிறம் மாறினால் தோசைக்கல்லில் மெதுவாகச் சூடு பண்ணித் திரும்பப் போடுவேன். அந்தத் தோசைக்கல்லில் அப்புறம் தோசை சுடக்கூடாது, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு சொல்கிறேன். முகவரி தனிச்செய்தியில் அனுப்புங்கள், ஐந்தாறு டப்பா கொடுத்துவிடுகிறேன். எனக்கும் இடம் காலியாகும்.

குன்னூர்க்காரி:

ஐயா, லென்ஸ் வந்துவிட்டது. 1919-இல் கோடு இருக்கிறது! முழுக்கச் சுற்றி ஓடுகிறது, ஒரு இடத்தில் கொஞ்சம் பிசகி. பொடித் துளைகளும் இருக்கின்றன. அம்மா சொல்லித்தான் தெரிந்தது, பாட்டி சின்ன வயதில் யாரிடமோ ஏமாந்துபோய் அடி வாங்கிய கதை ஒன்று வீட்டில் உண்டாம். எந்தக் காசு என்று இவ்வளவு நாள் யாருக்கும் தெரியாது.

அட்டையில் எழுதிவிட்டேன்: ‘1919, வார்ப்பு, 9.84 கி., பாட்டி அடி வாங்கியது.’ கிரேடு கட்டம் காலி.

கறுத்த 1862-க்கு ‘கேஎம் 473, விஎஃப் என்று நினைக்கிறேன், 11.58’ என்று பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். ஆண்டுக்குக் கீழே ஒரு புள்ளி நிச்சயம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, புள்ளியா அழுக்கா என்று தெரியவில்லை. தொடவில்லை, சத்தியமாகத் தொடவில்லை! மதியத்திலிருந்து மேகம் இறங்கி ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீடே தெரியவில்லை. நாளைக்கு வெயில் வந்தால் படம் எடுத்துப் போடுகிறேன்.

ரிட்டயர்டு டீமேக்கர்:

ரெண்டு பக்கமும் எடுங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள்.